பக்கத்துக் கட்டத்தையும் சேக்கவா?

தம்பி, தப்பா நினைக்காதீங்க. சாத்தூர்ல ஏறினதுலேருந்து உங்க மடியில இருக்க கம்ப்யூட்டரைத்தான் பாத்துக்கிட்டு வாறேன். அடுத்தவங்க வேலையை எட்டிப் பாக்கக்கூடாதுன்னு தெரியும். என்ன செய்ய, அந்தக் கட்டத்தைக் கண்டா என் கண்ணு அங்கதான் போகுது. எக்செல்தான அது? ஆங், பாத்த உடனே சொல்லிட்டேன் பாத்தியளா.

எனக்கும் எக்செல் தெரியும் தம்பி. தெரியும்னா, போன வாரம் வரைக்கும் தெரியும். இப்பத் தெரியாது. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்லுதேன். திருநெல்வேலி போய்ச் சேர நேரம் கிடக்கு, கேளுங்க. முடிச்சதும் உங்ககிட்ட ஒரு உதவி வேற கேக்கணும்.

எம் பேரு சங்கரநயினார். ஒரு நூல் மில்லுல ஸ்டோர்ஸ் செக்சன்ல இருந்து ரிட்டயர் ஆனவன். மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தப்ப எல்லாரும் ஷாக் அடிச்சிரும்னு பயந்து தள்ளி நின்னானுவ. நான்தான் முன்னால போயி உக்காந்தேன். கூட்டல் போடுத ஃபார்முலா ஒண்ணு, இப்படி இருந்தா அப்படின்னு சொல்லுத இஃப் ஒண்ணு, ரெண்டு கத்துக்கிட்டேன். ரெண்டு தெரிஞ்சவன் அங்க ராஜா. மேனேஜரே, நயினார் சாரைக் கூப்பிடுன்னு ஆள் அனுப்புவாரு. நான் போயி, மவுசைத் தொடுததுக்கு முன்னால சட்டைக் கையை மடிச்சு விடுவேன். சுத்தி நாலு பேரு நிப்பான். எல்லாம் முடிஞ்சு கூட்டுத்தொகை வந்ததும், யாரும் பாக்காதப்ப மேசை டிராயருக்குள்ள கால்குலேட்டரை வச்சு ஒரு தடவை சரி பாத்துக்கிடுவேன். நம்ம ஜாக்கிரதை நமக்கு.

இன்னொண்ணு சொன்னா நம்பமாட்டிய. மேல ஏ, பி, சின்னு எழுத்து போகும்லா, அது இசட்டோட முடிஞ்சுட்டுன்னுதான் நினைச்சிருந்தேன். இசட் வந்துட்டா புது ஃபைல் திறந்துருவேன். அதுக்கு அங்கிட்டு ஒரு உலகம் இருக்குன்னு ஒரு நாளும் எட்டிப் பாத்ததில்லை. நான் இருந்த வரைக்கும் அந்த மில்லு ஸ்டோர்ஸே இசட்டோட நின்னுச்சு.

சரி, அதெல்லாம் போகட்டும். மில்லோட போயிருந்தா ஒண்ணுமில்ல. நான் இதை வீட்டுக்குள்ள கொண்டு வந்தேன் பாருங்க, அங்கதான் பிடிச்சுது சனியன்.

எனக்கு ஒரே மக. வடிவாம்பிகை. வடிவுன்னு கூப்பிடுவோம். பாளையங்கோட்டையில பிசியோதெரபி பாக்கா. கைகால் விழுந்தவங்களை எல்லாம் நடக்க வச்சுருதா, அவ கல்யாணம் மட்டும் நடக்கல. வாறவங்க காபி குடிச்சுட்டு, கேசரி தின்னுட்டு, போயி போன் பண்ணுதோம்பாங்க. போன் வராது. வந்தா, ஜாதகம் சரியில்லன்னு வரும். இப்படியே போயிக்கிட்டு இருந்துச்சு. புள்ளை சிரிக்கதையே விட்டுட்டா தம்பி. வேலைக்குப் போவா, வருவா, ரூமுக்குள்ள போயிருவா. ஒரு நாள் ஒரு குடும்பம் வந்துட்டுப் போன பொறவு, பட்டுச்சேலையை மாத்தாம அப்படியே வந்து என் முன்னால நின்னா. "அப்பா, இன்னும் ஒரே ஒரு தடவை. அதுக்கு மேல யாரு முன்னாலயும் போயி நிக்க மாட்டேன். நீங்களே நல்லாப் பாத்து ஒருத்தரைச் சொல்லுங்க"ன்னா. அழல, சத்தம் போடல. அழுதிருந்தாக்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

ஒரே ஒரு தடவை. அப்ப எவ்வளவு சரியாப் பாக்கணும்? எங்க குடும்ப ஜோசியர் ஒருத்தர் ஆழ்வார்குறிச்சியில இருக்காரு. வயசாயிட்டு, பஞ்சாங்கத்தை மூக்குல ஒட்டிக்கிட்டுதான் பாப்பாரு. என் வீட்டுக்காரி ஆவுடை, அவர்கிட்டயே போவோம்னா. நான் விடுவேனா. மனுசனுக்குக் கணக்கு தப்பும், எக்செல்லுக்குத் தப்பாதுன்னு சொல்லிட்டேன். அந்த ஜோசியர்கிட்டயே போன் போட்டுச் சொன்னேன். அவரு, சந்தோசம்னு போனை வச்சுட்டாரு.

எங்க ஆளுங்க சங்கத்துல போயி, மாப்பிள்ளைப் பையன்க ஜாதகம் ஒரு கட்டு வாங்கிட்டு வந்தேன். எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். எப்படி ஏத்தினேன்னு கேளுங்க. பேரு, அப்பா பேரு, ஊரு, வேலை, போன் நம்பரு, எல்லாம் ஒரே கட்டத்துக்குள்ள. ஏன்னா மில்லுல அப்படித்தான். பேரிங், அதோட அளவு, கம்பெனி, எந்த ரேக்குல இருக்கு, எல்லாத்தையும் ஒரே கட்டத்துல அடைச்சிருவேன். ஒரு சாமான், ஒரு கட்டம். அதே பழக்கம். மாப்பிள்ளையும் ஒரு சாமான்தான. அடுத்த கட்டத்துல நட்சத்திரம். அதுக்கடுத்த கட்டத்துல பத்துக்கு எத்தனை பொருத்தம்னு மார்க்கு.

அந்த மார்க்குக்கு நான் எழுதினேன் பாருங்க ஒரு ஃபார்முலா. பொண்ணுக்கு இந்த நட்சத்திரம், பையனுக்கு இந்த நட்சத்திரம் இருந்தா இத்தனை. இருபத்தேழுக்கு இருபத்தேழு, எழுநூத்து இருபத்தொம்பது ஜோடி. அத்தனைக்கும் இஃப். ஒரு இஃப்புக்குள்ள இன்னொரு இஃப், அதுக்குள்ள இன்னொண்ணு. ஒரு அளவுக்கு மேல அது, போதும்யான்னு சண்டைக்கு வந்துட்டு. நானா விடுவேன். நட்சத்திரத்துக்கு ஒரு ஷீட்டுன்னு பிரிச்சுப் போட்டு முடிச்சேன். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா எந்திரிக்க மாட்டேன். ஆவுடை தட்டைக் கொண்டாந்து கீபோர்டு பக்கத்துல வைப்பா. முடிச்ச பொறவுதான் வடிவு வந்து பாத்துட்டு மெதுவாக் கேட்டா, அப்பா, எனக்கு அவிட்டம் ஒண்ணுதான, மிச்சம் இருபத்தாறும் யாருக்குன்னு. நான் பேச்சை மாத்திட்டேன்.

இப்ப வருது பாருங்க. ஆவுடை வந்து, பேரெல்லாம் கன்னாபின்னான்னு கிடக்கு, அகர வரிசையில இருந்தா தேடச் சௌகரியமா இருக்கும்னா. இது என்ன பெரிய வித்தைன்னு, பேரு இருக்க பத்தியை மட்டும் நீலமாக்கி, அடுக்குத பட்டனை அமுக்கினேன். அப்ப அது ஒரு கேள்வி கேட்டுது தம்பி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பக்கத்துக் கட்டத்தையும் சேக்கவா, இல்ல இதை மட்டும் போதுமான்னு இங்கிலீஷுல கேட்டுது. எனக்குக் கோவம் வந்துட்டு. நான் எதைக் காட்டினேனோ அதை அடுக்கு, என்கிட்ட என்ன கேள்வின்னு, இதை மட்டும்னு அமுக்கிட்டேன். அழகா அடுக்கிட்டு. அப்படியே சேமிச்சும் வச்சுட்டேன்.

பொறவு மார்க்கைப் பாத்தேன். ஒம்பது ஒரே ஒரு வரியிலதான் இருந்துச்சு. அந்த வரியில தாணு. தாணுமாலயன். பூர்வீகம் சுசீந்திரம் பக்கம், இப்ப சாத்தூர். மாட்டு டாக்டர். அப்பா இல்ல, அம்மா மட்டும்தான். போன் போட்டேன். அவங்க, ஜாதகம் நீங்க பாத்தாச்சான்னு கேட்டாங்க. கம்ப்யூட்டர்லயே பாத்தாச்சு, பத்துக்கு ஒம்பதுன்னேன். அப்படின்னா சரி, நாங்க வாறோம்னுட்டாங்க.

வந்தாங்க. தாணு உள்ள வரும்போதே எங்க தெரு நாய் ஒண்ணு அவன் பின்னாலயே வந்துட்டு. அதோட காலைப் பிடிச்சுப் பாத்துட்டு, முள்ளை எடுத்துவிட்டுட்டுத்தான் வீட்டுக்குள்ள வந்தான். வடிவு ஜன்னல் வழியா அதைப் பாத்துக்கிட்டே நின்னா. அன்னைக்கு ரெண்டு பேரும் மாடியில பேசிக்கிட்டு இருந்தாங்க. மேலேருந்து சிரிப்புச் சத்தம் கேட்டுது தம்பி. ஆவுடை அடுப்படியில கரண்டியோட நின்னு கேட்டுக்கிட்டே இருந்தா. கண்ணு நிறைஞ்சுட்டு அவளுக்கு. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? என் ஃபார்முலாவைப் பாத்தியளா, எப்படி வேலை செய்யுதுன்னு தோணுச்சு. அப்பேர்ப்பட்ட கூறு எனக்கு.

நிச்சயம் முடிஞ்சுது. ஆவணியில கல்யாணம். பாக்கவங்ககிட்ட எல்லாம் ஃபைலைப் பத்திப் பேசி அறுத்துத் தள்ளிட்டேன். என் மச்சினனே என்னைக் கண்டா தெருவை மாத்திப் போக ஆரம்பிச்சுட்டான்.

அதோட சும்மா இருந்திருக்கணும். பாளையங்கோட்டையில ஒரு சென்டர்ல ஞாயித்துக்கிழமை எக்செல் வகுப்புன்னு போர்டு பாத்தேன். நமக்குத் தெரியாததா, சொல்லிக் குடுக்கவங்க எவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்காங்கன்னு பாத்துட்டு வருவோம்னு போயி முன் பெஞ்சுல உக்காந்தேன். பெனிட்டான்னு ஒரு டீச்சர். முதல்ல, இசட்டுக்கு அப்புறம் ஏஏ, ஏபின்னு போகும்னாங்க. நான் பேனாவை மூடி வச்சுட்டேன். பொறவு, ஒரு அட்டவணையில தேடி எடுத்துட்டு வாறதுக்கு ஒரு ஃபார்முலா போட்டாங்க. ஒரே வரி. நான் சோறு தண்ணி இல்லாம எழுதின எழுநூத்துச் சொச்சமும் அந்த ஒரு வரிக்குள்ள அடங்கிட்டு. இடைவேளையில போயி, இன்னும் என்னம்மா இருக்குன்னு கேட்டேன். அவங்க சிரிச்சுக்கிட்டு, சார், இது வாசப்படிதான், உள்ள நாமளே புரோகிராம் எழுதி அதையே வேலை செய்ய வைக்கலாம், எனக்கே பாதி தெரியாதுன்னாங்க. எனக்குப் பாதி தெரியாதுன்னு ஒரு டீச்சர் சொல்லுதாங்க. நான் முழுசும் தெரியும்னு இருபது வருசம் திரிஞ்சிருக்கேன்.

கடம்பூர் வந்துட்டு. போளி வரும், வாங்கிக்கிடுவோம். நீங்க காசை எடுக்காண்டாம், என் கதையைக் கேக்கதுக்கு நான்தான் உங்களுக்கு வாங்கித் தரணும்.

என்ன சொன்னேன், வகுப்பு. கடைசியில அந்தப் பெனிட்டா டீச்சர், எல்லாரும் செய்யுத ஒரு முட்டாத்தனத்தைக் காட்டுதேன்னு சொன்னாங்க. பேரும் மார்க்கும் இருக்க ஒரு ஷீட்டைத் திறந்து, பேரை மட்டும் அடுக்கினாங்க. அதே கேள்வி வந்துது. இதை மட்டும்னு அமுக்கினாங்க. பேரெல்லாம் எடம் மாறிட்டு, மார்க்கு நின்ன எடத்துலயே நிக்கு. பெயிலானவன் பாஸாயிட்டான், பாஸானவன் பெயிலாயிட்டான். வகுப்பே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். எல்லாரையும் விடச் சத்தமா நான்தான் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டு இருக்கும்போதே பாதியில நின்னுட்டு தம்பி. வாய் திறந்தபடி இருக்கு, சத்தம் வரல. பக்கத்துல இருந்த பொண்ணு, தாத்தாவுக்குத் தண்ணி குடுங்கன்னா.

எப்படி வீட்டுக்கு வந்தேன்னு தெரியல. சங்கத்துல வாங்கின ஜாதகக் கட்டைப் பிரிச்சு, தாணு ஜாதகத்தை எடுத்தேன். சித்திரை. என் மக அவிட்டம். உங்களுக்கு இதெல்லாம் தெரியுமோ என்னமோ, ரெண்டும் தலை ரஜ்ஜு. ரஜ்ஜு தட்டுது. அப்படி இருந்தா மாப்பிள்ளை உசிருக்கு ஆகாதும்பாங்க. வேற எது இல்லாட்டியும் ஒப்பேத்தலாம், ரஜ்ஜு இல்லாம தாலி கட்டக்கூடாதுன்னு ஆவுடையே எத்தனை வீட்டை ஒதுக்கியிருக்கா. இது போக இன்னொரு கூத்து. ஒரு காலேஜ் புரொபசர் வீட்டுல இருந்து தேடி வந்து பொண்ணு கேட்டாங்க. உங்க பையனுக்கு ரெண்டு பொருத்தம்தான், கம்ப்யூட்டர் சொல்லிட்டுன்னு அவங்களுக்கு வகுப்பெடுத்து அனுப்பினேன். அந்தப் பையனுக்கு நெசத்துல எட்டு.

எனக்கு ஜாதகத்துல அப்படி ஒண்ணும் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனா அந்தப் பையன் முகம் வருது. நாய்க்கு முள் எடுத்த கை வருது. அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? இந்தப் பக்கம் வடிவு சிரிப்பு வருது. பயந்துட்டேன் தம்பி. ரிட்டயர் ஆனப்பக்கூட அப்படி வெறிச்சுன்னு ஆனதில்லை.

மறுநாள் வடிவு வேலைக்குப் போயிட்டு வந்ததும், வண்டியை ஸ்டாண்டு போடுததுக்கு முன்னாலயே சொல்லிட்டேன். ஹெல்மெட்டைக் கழத்தாம கேட்டுக்கிட்டு நின்னா. பொறவு கழத்தினா.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"இல்ல. நான் சாத்தூருக்குப் போயி அவங்கம்மாகிட்டச் சொல்லப் போறேன். சொல்லாமக் கட்டி வச்சா அது மோசடிம்மா."

"போயிட்டு வாங்க. அவங்க வேண்டாம்னு சொன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா வேற யாரையும் எனக்குப் பாக்காதீங்கப்பா. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. ஒம்பது வந்ததுனால பிடிக்கல."

சொல்லிட்டு மாடிக்குப் போயி யார்கிட்டயோ ரொம்ப நேரம் போன்ல பேசிக்கிட்டு இருந்தா. பாவம், ஆஸ்பத்திரி சிநேகிதிகிட்ட அழுதிருப்பா.

இன்னைக்குக் காலையில கிளம்பினேன். ஆவுடைகிட்ட, பத்திரிகை விசயமாப் பேசப் போறேன்னு பொய் சொன்னேன். அவ சட்டையை எடுத்துத் தந்துக்கிட்டே, போன எடத்துல தேவையில்லாம வாயைத் திறக்காதீங்க, காராச்சேவு மட்டும் வாங்கிட்டு வாங்கன்னா. அவளுக்கு என்ன தெரியும், அவ கவலை காராச்சேவு.

போற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன். தாணுவோட அம்மா வாசல்லயே நின்னாங்க, நான் வாறது முன்னாலயே தெரிஞ்ச மாதிரி. இலை போட்டாங்க. சாப்பிட முடியல. கையைக் கழுவிட்டு வந்து, அம்மா, அந்தக் கம்ப்யூட்டர் கணக்குல ஒரு விசயம்னு ஆரம்பிச்சேன். அந்தம்மா என்னை முடிக்க விடல.

"அண்ணாச்சி, அதைக் கம்ப்யூட்டர் ஒம்பதுன்னு சொல்லிட்டுல்லா. அதுல எதையும் மாத்திராதீங்க. எங்க ஜோசியர் ஆயிரம் சொன்னாரு, ரஜ்ஜு தட்டுதுன்னுகூடச் சொன்னாரு. மனுசன்தான, தப்பியிருப்பாரு. எம் மகன், அவங்கப்பா போன பொறவு இப்பத்தான் வீட்டுல விசில் அடிக்கான். எனக்கு உங்க கம்ப்யூட்டர் போதும்."

சொல்லிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. கண்ணை எடுக்கல. அந்தம்மாவுக்குக் கம்ப்யூட்டர் மேல இருக்க நம்பிக்கையைப் பாருங்க தம்பி. கைதேர்ந்த ஜோசியர் சொன்னதையே தள்ளிட்டாங்க. அவ்வளவு நம்பிக்கை வச்ச பொம்பளைகிட்ட, அது தப்புன்னு எந்த வாயால சொல்லுவேன்? சொல்லத்தான் போனேன். வாயைத் திறந்தேன். என்ன வந்துது தெரியுமா? "எக்செல்லுக்குக் கணக்கு தப்பாதும்மா"ன்னு வந்துது. சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துட்டு. அந்தம்மாவும் முந்தானையால கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க. ஏன்னு தெரியல, சம்பந்தி அழுததைப் பாத்து அழுதிருப்பாங்க.

தாணுதான் பைக்குல ஸ்டேசனுக்குக் கொண்டாந்து விட்டான். ஒண்ணும் தெரியாத புள்ளை. வழியில கண்ணாடியில என்னைப் பாத்துப் பாத்துத் தனக்குத்தானே சிரிச்சுக்கிட்டே வந்தான். டிக்கெட் எடுக்கதுக்குள்ள வடிவு போன். அப்பா, பேசி முடிச்சாச்சுல்லா, சாப்பிட்டியளான்னு கேக்கா. முடிஞ்சுதுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்னு கேக்க நினைச்சேன், அதுக்குள்ள வண்டி வந்துட்டு. குரல்ல என்ன சந்தோசம்ங்கிய.

மணியாச்சி தாண்டிட்டோம். இப்ப அந்த உதவி. இந்தாங்க, பென் டிரைவு. அந்த ஃபைலை இதுல போட்டு எடுத்துட்டு வந்தேன், அந்தம்மாகிட்டத் தப்பைக் காட்டதுக்கு. அதைத் திறங்க. கீழ வாங்க, இன்னும் கீழ. அந்தா, தாணுமாலயன், சாத்தூர், மாட்டு டாக்டர். பக்கத்துல ஒம்பது இருக்கா? இருக்குல்லா. இதை இனிமே யாரும் அசைக்க முடியாம, அடுக்க முடியாம, பூட்ட வழி இருக்கா? இருக்கும்னு தெரியும், எக்செல்ல இல்லாதது இல்ல. எனக்குத்தான் தெரியாது.

ஓ, ஒரு ரகசியச் சொல்லு குடுக்கணுமா. அதை மறந்துட்டா? பொறவு யாராலயும் மாத்த முடியாதா? ஃபைலுக்குச் சொந்தக்காரன், நானே நினைச்சாலும் முடியாதா?

அப்பச் சரி. நான் இப்படி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிடுதேன். நீங்களே எதையாவது அடிச்சுப் பூட்டிருங்க தம்பி. என்னதுன்னு எனக்குச் சொல்லாண்டாம்.